வயலோர மரத்தில் பருந்துக் கூடு: எவ்வளவு தள்ளி நின்று பார்க்கலாம்?

வயலோர_வீடு (செபராங் பிறை, மலேசியா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு)ப் பின்புறம் நெல் வயல். வாய்க்கால் கரையில் தனியாக நிற்கும் மரத்தின் உச்சியில் பருந்து ஜோடி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. இடம்: [நீக்கப்பட்டது. மட்டுறுத்துநர்]

காக்கையைவிடச் சிறியது. உடம்பு வெள்ளை, முதுகு சாம்பல், தோளில் கறுப்புத் திட்டு, கண் நல்ல ரத்தச் சிவப்பு. மின்கம்பியில் உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். வயலுக்கு மேல் ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். பிறகு விழும், எலியோடு எழும்பும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது, அவ்வளவு அழகு.

இது என்ன பறவை? கோழிக்குஞ்சைத் தூக்குமா? பக்கத்து வீட்டுப் பாட்டி பயப்படுகிறார். அக்கா மகன் பெரிய கேமரா வாங்கியிருக்கிறான், மரத்தடிக்குப் போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்கிறான். குஞ்சு பொரித்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூரக்கண்ணாடி (பட்டர்வொர்த்)

நீங்கள் சொன்ன அடையாளம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அது கருந்தோள் பருந்து. வருடம் முழுக்க இங்கேயே இருப்பது, வலசை வருவதல்ல. பெர்மாத்தாங் பாவ், சுங்கை டுவா, பெனாகா பக்கம் வயல் இருக்கும் இடமெல்லாம் மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே போனால் கண்ணில் படும்.

பாட்டியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இதன் எடையே கால் கிலோவைச் சுற்றித்தான். வயல் எலி, சுண்டெலி, ஓணான், வெட்டுக்கிளி, இதுதான் இதன் சாப்பாடு. கோழியைத் தேடி வீட்டு வாசலுக்கு வருகிற பறவை இல்லை.

வேட்டையைக் கொஞ்சம் பொறுமையாகக் கவனியுங்கள். காற்றுக்கு எதிராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சிறகு அடித்துக்கொண்டிருக்கும், வால் விரிந்து சுருங்கும், உடம்பு லேசாக ஆடும். தலை மட்டும் அசையாது. கீழே எதையோ கண்டுவிட்டால் நேராக விழாது. சில மீட்டர் இறங்கி மறுபடி நிற்கும். அப்போது கால்கள் தொங்க ஆரம்பித்துவிடும். இன்னும் கொஞ்சம் இறங்கும். கடைசியில் இரண்டு சிறகையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்றுக்குள் மறையும். பாதியில் கைவிட்டு மேலே போவதும் நிறைய நடக்கும், எலி நகர்ந்திருக்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. குஞ்சு பொரித்ததா என்று தெரிந்துகொள்ள மரத்தடிக்குப் போகவே வேண்டாம். எலி எங்கே போகிறது என்று பாருங்கள். கூட்டில் பெரும்பாலும் பெண் உட்கார்ந்திருக்கும், வேட்டை ஆணின் வேலை. ஆண் எலியோடு வரும்போது மெல்லிய குரலில் கூப்பிடும். பெண் கூட்டை விட்டு எழுந்து பக்கத்துக் கிளைக்கோ கம்பிக்கோ வந்து வாங்கிக்கொள்ளும். முட்டை அடைகாக்கும் காலம் என்றால், அந்தக் கிளையிலேயே கிழித்துத் தின்றுவிட்டு வெறும் காலோடு கூட்டுக்குத் திரும்பும். குஞ்சு வந்துவிட்டால் எலியைக் கூட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகும், தலையைக் குனிந்து குனிந்து எதையோ கொடுப்பது தூரத்திலிருந்தே தெரியும். குஞ்சு வளர வளர நடை கூடும்.

அடைகாப்பு ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குப் பிறகு குஞ்சு பறக்க ஐந்து வாரம் போல ஆகும். பறந்த பிறகும் பல வாரங்கள் அப்பன் ஊட்டிக்கொண்டிருக்கும். முதலில் கிளையில் வைத்துக் கொடுக்கும், பிறகு பறந்துகொண்டே கொடுக்கும். குஞ்சு அடியிலிருந்து எழும்பி வந்து காலிலிருந்து பறித்துக்கொள்ளும். அதைப் பார்க்கும் பாக்கியம் உங்கள் பின்வாசலுக்கு இருக்கிறது.

ஒளிவேட்டை (கோலாலம்பூர்)

பத்து நிமிடம் மரத்தடியில் நின்றால் என்ன ஆகிவிடும்? நான் வருடக்கணக்கில் பறவைப் படம் எடுக்கிறேன். கூட்டுக்குள் குஞ்சு வாய் திறக்கும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் நூறு பேருக்கு ஆசை வருகிறது, பிறகு காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் வருகிறது. எல்லோரையும் தூர நிறுத்திவிட்டால் யாருக்கு இதன்மேல் அக்கறை இருக்கும்? எலியைக் கட்டிவைத்துப் பருந்தை இறக்குகிறவர்களை நானும் வெறுக்கிறேன். அது வேறு, மரத்தடியில் அமைதியாக நிற்பது வேறு.

தூரக்கண்ணாடி

படம் அக்கறையை வளர்க்கும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எலியைக் கட்டிவைப்பதை எதிர்க்கிறீர்களே, அதற்கும் நன்றி.

ஆனால் பத்து நிமிடத்தை நம் கடிகாரத்தில் கணக்கிடக் கூடாது. பதினொரு மணி வெயிலில் பெண் பறவை கூட்டில் உட்கார்ந்திருப்பது குஞ்சுக்கு நிழல் கொடுக்க. இறகு முளைக்காத குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே சமாளிக்க முடியாது. நாம் அடியில் போய் நின்றால் தாய் எழும்பிவிடும், வட்டமடித்துக் கத்தும். பத்து நிமிடம் நிழல் இல்லை. அதோடு காக்கை. செபராங் பிறையில் காக்கை இல்லாத மரம் ஏது? பருந்து கத்துவதைக் கேட்டதும் வந்துவிடும். முட்டையோ சின்னக் குஞ்சோ அதற்கு ஒரு நொடி வேலை. நாம் அமைதியாகத்தான் நின்றோம் என்பது தாய்க்கும் தெரியாது, காக்கைக்கும் தெரியாது.

நான் வைத்திருக்கும் அளவு இதுதான். தாய் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறதென்றால் நான் நெருங்கிவிட்டேன், பின்னால் போக வேண்டும். எத்தனை மீட்டர் என்பதைப் பறவைதான் சொல்லும். தாமான் வீட்டின் பின்வாசல் அதற்குப் பழகிய இடம். அங்கே ஆள் நடமாட்டம் எப்போதும் உண்டு, பயப்படாது.

டுரோன் வேண்டவே வேண்டாம். மேலிருந்து வரும் எதையும் பருந்து எதிரியாகத்தான் பார்க்கும்.

மட்டுறுத்துநர்

முதல் பதிவில் இருந்த இடப்பெயரை நீக்கியிருக்கிறேன். கூடு இருக்கும் இடத்தை யாரும் பொதுவில் எழுத வேண்டாம், தனிச்செய்தியிலும் தெரியாதவர்களுக்கு அனுப்ப வேண்டாம். வேட்டையாடும் இடங்களைத் தாராளமாகப் பேசுங்கள்.

செம்பனைச்_சாலை (நிபோங் திபால்)

எலி எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னது சரியான பேச்சு. எலி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் போவதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை.

நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா காலத்தில் எலியை ஒழிக்க மருந்து வைப்பார்கள். மரத்தடியில் வண்ண மெழுகுக் கட்டி இருக்கும், நாங்கள் தொடக் கூடாது. பிறகு தோட்டங்களில் கூகைக்குக் கம்பத்தில் பெட்டி கட்டி வைத்தார்கள். ராத்திரியில் வெள்ளை முகத்தோடு வரும் பாருங்கள், அதே கூகைதான். நெல் வயலிலும் இப்போது அந்தப் பெட்டியைப் பார்க்கலாம். பகலுக்குக் கருந்தோள் பருந்து, இரவுக்குக் கூகை. இரண்டும் ஒரே எலியைத்தான் நம்பி வாழ்கின்றன.

சிக்கல் மருந்தின் வகையில். வார்ஃபரின் போன்ற பழைய மருந்தை எலி திரும்பத் திரும்பத் தின்றால்தான் சாகும், அது உடம்பில் அதிக நாள் தங்காது. புரோடிஃபாக்கூம் மாதிரி பின்னால் வந்தவை ஒரு தடவை தின்றாலே போதும். ஆனால் எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையும் தன்மை போய், உள்ளுக்குள் கசிந்து, சில நாள் கழித்துத்தான் சாகும். அந்தச் சில நாளில் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். பருந்துக்கு அதைவிடச் சுலபமான இரை கிடைக்குமா? கிழித்து, துண்டு துண்டாகக் குஞ்சு வாயில் வைக்கும். மருந்து பறவையின் ஈரலில் மாதக்கணக்கில் தங்கும், ஒவ்வொரு எலியோடும் கூடும்.

ஒரு தோட்டத்தின் கால்வாய் ஓரம் செத்துக் கிடந்த கூகையைக் கையில் எடுத்திருக்கிறேன். காயம் இல்லை, மூக்கோரம் மட்டும் ரத்தம். இன்றுவரை மறக்கவில்லை.

வயலோர வீட்டுக்காரரே, உங்கள் வயலை யார் செய்கிறார் என்று தெரிந்தால் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். சண்டை வேண்டாம். எலியால் அவருக்கு வரும் நஷ்டம் உண்மையானது. அந்தப் பருந்து அவருக்காகச் சம்பளம் இல்லாமல் வேலை செய்வதை அவருக்குக் காட்டுங்கள்.

வயலோர_வீடு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி எலியைத் தொடர்ந்து பார்த்தோம். ஆண் கொண்டுவந்ததைத் தாய் வாங்கி நேரே கூட்டுக்குள் போகிறது! அக்கா மகன் சமையலறை ஜன்னலிலிருந்தே படம் எடுத்தான். தாய் தலை குனிவது தெளிவாக விழுந்திருக்கிறது.

வயல்காரர் மலாய்க்காரப் பெரியவர். தேநீர் கொடுத்து உட்காரவைத்து வேட்டையைக் காட்டினேன். அவருக்கு அந்தப் பறவையை ஏற்கெனவே தெரியும், எலி தின்பதும் தெரியும். மருந்து விஷயம்தான் புதிது. இந்தப் பருவம் மரத்தைச் சுற்றியுள்ள வரப்புகளில் வைக்கமாட்டேன் என்றார். கூகைப் பெட்டி எப்படிச் செய்வது என்று அவரே கேட்டார். அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிக்கு அடியில் சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. குச்சியால் பிரித்தால் உள்ளே ரோமம், சின்ன எலும்பு, ஆரஞ்சு நிறப் பல் உள்ள ஒரு தாடை. இது பருந்து கக்கியதா?

செம்பனைச்_சாலை

ஆமாம், செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் உருட்டிக் கக்கிவிடும். ஆரஞ்சுப் பல் எலியுடைய முன்பல். தாடைகளை எடுத்துக் கழுவிக் காயவைத்து வையுங்கள், பெரியவரிடம் காட்ட நல்ல சாட்சி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி அளவைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கடலோரப்_பிள்ளை (பெனாகா)

வயலிலேயே நின்றுவிட்டீர்கள், கடலுக்கும் வாருங்கள். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை சேற்றுக்கரையும் சதுப்புக் காடும்தான். எங்கள் பக்கம் வெண்வயிற்றுக் கடல் கழுகு ஜோடி ஒன்று பழைய கூட்டிலேயே வருடா வருடம் குச்சி சேர்த்துக்கொண்டு இருக்கிறது. கூடு இப்போது ஒரு கட்டில் அகலம். இடம் சொல்லமாட்டேன்.

சிறகு விரித்தால் இரண்டு மீட்டர் வரும். மீன் பிடிப்பதைப் பார்த்தால் அவ்வளவு பெரிய பறவையா என்று தோன்றும். தண்ணீரில் விழாது. தாழப் பறந்து வந்து, கடைசி நேரத்தில் காலை முன்னால் நீட்டி, மேல்மட்டத்தில் இருக்கும் மீனை மட்டும் அள்ளிக்கொண்டு போய்விடும். விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து வரும் மாதங்களில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். அது காலை முன்னே நீட்டிக்கொண்டு முழு உடம்போடு தண்ணீருக்குள் விழும், எழுந்து உதறிக்கொள்ளும், மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். வெளிவிரலைப் பின்னால் திருப்ப அதால் முடியும், பாதத்தில் முள் மாதிரி சொரசொரப்பு, வழுக்காது. கஷ்டப்பட்டுப் பிடித்த அந்த மீனைக் கடல் கழுகு துரத்திப் பறிப்பதும் உண்டு.

கடல் கழுகு கடல் பாம்பையும் தூக்கும். கூட்டில் இரண்டு முட்டை, பெரும்பாலும் பறக்கும் அளவுக்கு வருவது ஒரு குஞ்சுதான். முட்டை ஆறு வாரம், குஞ்சு பறக்க இரண்டரை மாதம் போல. அந்தப் பழுப்புக் குஞ்சு அப்பன் ஆத்தாள் மாதிரி வெள்ளையாக நாலைந்து வருடம் ஆகும்.

மலாய்க்காரக் கிழவர்கள் ஒரு கதை சொல்வார்கள். அலை திரும்பப் போகிறது என்று சிப்பிகளுக்கு எச்சரிக்கை சொல்லத்தான் இந்தக் கழுகு கத்துகிறதாம். வலை இழுத்துக்கொண்டு கேட்டால் நம்பத் தோன்றும்.

குளக்கரை (கோலாலம்பூர்)

பொறாமையாக இருக்கிறது. கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஏதாவது வழி உண்டா? பெற்றோருக்கு வயதாகிவிட்டது, நெடுந்தூரம் நடக்க முடியாது.

ஒளிவேட்டை

டெங்கிலில் பாயா இண்டா. பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் இருந்த நிலம். நடை குறைவு. குளத்தங்கரை மரத்தில் சாம்பல்தலை மீன்கழுகு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதற்கு அவசரமே கிடையாது. நீங்களும் எதிர்க்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், மீன் மேலே வரும்போது அது இறங்கும். உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவருகிற பறவை, நம் தலைநகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கிறது. குளத்தோரப் பெரிய மரத்தை வெட்டினால் அதற்குக் கூடும் இல்லை, உட்கார இடமும் இல்லை. புத்ராஜெயா ஈரநிலமும் நல்ல இடம், ஏரித் தண்ணீரைச் சுத்தப்படுத்த மனிதர்களே உருவாக்கியது.

கோல சிலாங்கூர் போனால் செம்பருந்து நிறைய. படகில் போய்க் கோழித்தோல் வீசினால் பத்தடியில் இறங்கும், பெற்றோர் சந்தோஷப்படுவார்கள்.

செம்பனைச்_சாலை

கோழித்தோல் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேல் கருடன் வட்டமிட்டால் கூட்டமே கைகூப்பி அண்ணாந்து பார்க்கிறோம். அதே செம்பருந்துக்குத்தான் ஆற்றில் கோழிக்கழிவைக் கொட்டுகிறோம். சேற்றில் பிடிக்கும் மீனும் நண்டும் எலும்போடும் ஓட்டோடும் குஞ்சு வயிற்றுக்குப் போகும். தோலில் கொழுப்புதான் இருக்கிறது. வளருகிற குஞ்சின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் ஏது? லங்காவியில் இதைப் பற்றி எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடலோரப்_பிள்ளை

நீங்கள் சொல்வது புரிகிறது. படகுக்காரர் பக்கமும் நிற்க ஆள் வேண்டும். மீன் குறைந்துபோன கரையில் டீசல் காசுக்கு வழி என்ன? வலையை விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் பலர் என் சொந்தக்காரர்கள். பருந்து இறங்காவிட்டால் பயணி திரும்பி வரமாட்டான்.

குளக்கரை

என் பெற்றோர் சார்பில் சொல்கிறேன். தோல் வீசாமல், கூடு இருக்கும் பக்கம் போகாமல், ஓதம் இறங்கும் நேரத்தில் ஓரமாக நிறுத்தி, "அதோ பிடிக்கப் போகிறது" என்று காட்டத் தெரிந்த படகுக்காரருக்கு நாங்கள் கூடுதலாகவே கொடுப்போம். கடலோரப்பிள்ளை மேலே எழுதியதை ஒருவர் படகில் நின்று சொன்னால் அதற்கு விலையே இல்லை. வீட்டில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன், அம்மா இரண்டு தடவை கேட்டார்.

கடலோரப்_பிள்ளை

அதைச் சித்தப்பாவிடம் சொல்கிறேன். அவருக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கரும்பலகை (பாலிக் பூலாவ்)

தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து வர ஆசை. கூடு காட்டக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மனதில் ஒரு வருத்தம் இருக்கிறது. குஞ்சு வளர்ப்பதைப் பார்க்காத பிள்ளைக்குப் பருந்து வெறும் வேட்டைக்காரனாகவே நின்றுவிடும். வயலோர வீட்டு அக்காவின் படங்களை வகுப்பில் காட்டலாமா? நேரில் பார்க்க எங்கே, எப்போது போவது?

வயலோர_வீடு

தாராளமாகக் காட்டுங்கள். குஞ்சு பறந்து, கம்பிக்கு வந்து, பறந்துகொண்டே எலி வாங்கும் நாள் வரும் இல்லையா, அதையும் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கழுவிய தாடைகளும் தருகிறேன், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.

தூரக்கண்ணாடி

ஆசிரியைக்கு. அக்டோபருக்குப் பிறகு வாருங்கள். அப்போது பூனைப்பருந்துகள் வந்துவிடும். ரஷ்யாவின் கிழக்கு ஓரம், வடகிழக்குச் சீனம் பக்கத்து நாணல் காடுகளில் தரையிலேயே கூடு வைத்துக் குஞ்சு வளர்த்துவிட்டு, நம் வயலுக்குக் குளிர்காலம் கழிக்க வருகிறவை. சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்து, கதிரை உரசிக்கொண்டு வரப்பு வரப்பாக வரும். முகம் ஆந்தை மாதிரித் தட்டையாக இருக்கும், நாற்றுக்குள் எலி அசையும் ஒலியைக் கேட்டே திரும்பும். குஞ்சு வளர்ப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. அங்கே இந்த வருடம் பிறந்து, தானாக வேட்டையாடக் கற்றுக்கொண்டு கிளம்பிய இளம்பறவைகளும் இங்கே நம் எலியைத் தேடி வருகின்றன. அறுவடை இயந்திரம் ஓடும் வயல் கிடைத்தால் இன்னும் நல்லது, எலி ஓட ஓட எல்லாப் பருந்தும் கூடிவிடும். இயந்திரத்திலிருந்து பிள்ளைகள் தூரமாக, ரோட்டோரத்திலேயே நிற்கட்டும்.

பிற்பகலில் தெலுக் ஆயர் தாவார் கரை. ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். தண்ணீர் ஏற ஏற, சேற்றில் இரை தேடும் உள்ளான்களும் நீண்டு வளைந்த அலகுள்ள கோட்டான்களும் (ஆந்தை அல்ல) கரைப் பக்கம் ஒதுங்கும். பறவைகளை வேட்டையாடும் பைரி வந்துவிட்டால் மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பும். ஓதம் வற்றிய பிறகு போனால் பறவைகள் கண்ணுக்கெட்டாத தூரத்துச் சேற்றில் இருக்கும், பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

மழைச்சட்டை, குடிநீர், தொப்பி. இரண்டு தூரக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, முக்காலியில் நிற்கும் பெரியதும் ஒன்று. பட்டர்வொர்த் வந்து சேரும் நேரத்தைச் சொன்னால் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன். பார்த்ததை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுவீர்கள் என்றால் வயலின் பெயர் போதும், கூடு எதுவும் கண்ணில் பட்டால் குறிப்பில் எழுத வேண்டாம்.